பொதுப்பட்டியில் தலைக்கணக்கும் வீட்டுக்கணக்கும்

வன்னியில் மாடு வளர்க்கும் பல குடும்பங்களுக்குத் தனிப்பட்டி வைத்துக் கட்டுப்படியாகாது. ஐந்தாறு மாடு மட்டும் உள்ள ஒரு வீட்டால் மேய்ப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, முட்கம்பி அடித்து, இரவுக் காவல் இருந்து, கோடையில் தண்ணீரும் இறைத்து ஊற்ற முடியாது. ஆகவே அயலவர்களும் உறவினர்களும் நாலைந்து வீடாகச் சேர்ந்து மாடுகளை ஒரே பட்டியில் அடைக்கிறார்கள். இந்த ஏற்பாடு நல்லது. ஆனால் யார் எவ்வளவு கொடுப்பது, யார் எந்த வேலையைச் செய்வது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதி வைக்காத பட்டி அதிக காலம் நிலைப்பதில்லை. அதை எப்படிப் பேசுவது, எப்படிக் கணக்கிடுவது, எப்படி எழுதுவது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாடுகள் நின்ற பொதுப்பட்டி நான் பார்த்திருக்கவே மூன்றாக உடைந்தது. ஓர் ஆவணி மாதத்தில் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு எரு ஏற்றுவதற்கு லொறி வந்தது. ஏழெட்டு மாதமாக விடியற்காலையில் சாணத்தை வழித்துக் கூடையில் சுமந்து, பட்டியின் மேட்டுப் பக்கத்தில் குவித்தவர்கள் என் அம்மாவும் அயல்வீட்டு அக்காவுமே. பணம் கைக்கு வந்ததும், அதிக மாடு வைத்திருந்த வீட்டார், எருவில் பெரும்பகுதி தங்கள் மாடுகளுடையது என்று சொல்லி, மாட்டுத் தொகைப்படி பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அம்மா சண்டை பிடிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தார். அக்காவும் போகவில்லை. ஐப்பசியில் மழை இறங்கியபோது பட்டி முழுவதும் முழங்கால் அளவுக்குச் சேறும் சாணமுமாகி, கன்றுகளின் குளம்பிடுக்குகளில் புண் வந்தது. கார்த்திகை முடியுமுன் ஒவ்வொரு வீடும் தன் மாட்டைப் பிரித்துக்கொண்டு போனது.

இப்போது யோசித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்தாரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் படுகிறது. மாடு போடாமல் எரு இல்லை. கை வழிக்காமல் அது விற்கிற எருவாவதும் இல்லை. மாட்டின் பங்கு எது, கையின் பங்கு எது, வீட்டின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பொதுப்பட்டியின் எல்லாக் கணக்கும் இந்தப் பிரிப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

கணக்கு எழுதுமுன் எந்த வீட்டுக்கு எத்தனை மாடு என்பது எல்லாருக்கும் முன்னால் எண்ணப்பட வேண்டும். இதற்குப் பட்டிப் பொங்கலை விடப் பொருத்தமான நாள் கிடையாது. அன்று எல்லா வீட்டாரும் பட்டியடியில் நிற்பார்கள், மாடுகளும் அடைப்பில் நிற்கும், மனமும் இளகியிருக்கும். படலையில் ஒரு ஆள் மட்டும் நின்று மாடுகளை ஒவ்வொன்றாக வெளியே விட, ஒருவர் குறியையும் காதுத் தகட்டு இலக்கத்தையும் வாசிக்க, இன்னொருவர் எழுதட்டும். இரண்டாவது தடவை புரட்டாதியில், காலபோக (மழைகால நெல்) விதைப்புக்கு முன் மாடுகளை வயற்பக்கத்திலிருந்து காட்டுப் பக்கத்துக்குக் கொண்டுபோகும் நேரத்தில் எண்ணுவது நல்லது. நீர்ப்பாசனக் குளங்களின் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் கால்நடைகளை அப்புறப்படுத்தும் திகதியையும் தீர்மானிப்பார்கள். அந்தத் திகதிக்கு ஒரு கிழமை முன்பாக உங்கள் எண்ணிக்கை முடிந்திருக்கட்டும்.

கன்றுகளைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவு வேண்டும். பால்குடிக் கன்றைக் கணக்கில் சேர்க்காமல், பால் மறந்ததை அரைத்தலையாகவும், ஒன்றரை வயது கடந்த நாகையும் (இளம் பசு) நாம்பனையும் (இளங்காளை) முழுத்தலையாகவும் கொள்வது நியாயமானது என்பது என் கருத்து. உங்கள் பட்டியில் வேறு அளவு வைக்கலாம். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இனவிருத்திக்கென்று ஒரு வீட்டார் நல்ல காளை ஒன்றை விட்டிருந்தால் அதற்குத் தலைப்பணம் (மாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் பணம்) கேட்கக்கூடாது, ஏனென்றால் அதன் பயன் எல்லாருடைய பசுக்களுக்கும் போகிறது. இதை எத்தனையோ பட்டிகளில் மறந்துவிடுகிறார்கள். பிறகு காளை வைத்திருந்தவர் அதை விற்றுவிட்டார் என்று குறைப்படுகிறார்கள்.

எண்ணிக்கை இரண்டு தடவைதான் என்ற விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. 2022 மார்கழியில் மண்டூஸ் புயலையொட்டி வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து இறந்தன. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் இரவில் நின்ற மாடு காலையில் கிடையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்படியான இழப்பு வந்தால் அந்தக் கிழமையே மறுபடி எண்ணிக் கணக்கைத் திருத்த வேண்டும். செத்த மாட்டுக்குத் தலைப்பணம் கேட்பது ஒரு குடும்பத்தின் நெஞ்சில் ஆறாத காயமாக இருக்கும்.

எந்தச் செலவு எதைத் தொடருகிறது

ஒவ்வொரு செலவையும் எடுத்து, பட்டியில் ஒரு மாடு கூடினால் இது கூடுமா என்று கேளுங்கள். கூடும் என்றால் அது தலைச்செலவு. ஒரு மாடு கூடினாலும் குறைந்தாலும் மாறாமல் நிற்பது வீட்டுச்செலவு. உண்ணி மருந்து, உப்பு, கோடையில் இறைக்கும் தண்ணீருக்கான எண்ணெய் ஆகியவை தலைச்செலவுகள். மேய்ப்பவரின் சம்பளத்தையும் தலைப்படி பிரிக்கலாம், ஏனென்றால் இருபது மாட்டைப் பார்ப்பதும் அறுபது மாட்டைப் பார்ப்பதும் ஒரே வேலையாகாது. கணக்குக் கொப்பி, படலைப் பூட்டு, காவற்கொட்டிலுக்கு மேலே போடும் தறப்பாள், மிருக வைத்தியரின் அலுவலகத்துக்குப் போய்வரும் செலவு ஆகியவை வீட்டுச்செலவுகள். ஒரு தனி மாட்டின் நோய்க்கு வாங்கும் மருந்து அந்த மாட்டுக்காரருடையது. அதைப் பொதுப்பணத்தில் எடுப்பதற்கு இரக்கம் காரணமாக இருந்தாலும், அடுத்த வீட்டு மாடு நோய்ப்படும்போது பணம் இல்லாமல் போனால் அந்த இரக்கமே பகையாகிவிடும்.

சிக்கல் வருவது வேலிச் செலவில்தான். மாடு இரண்டு மடங்கானால் பட்டியின் பரப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். ஆனால் அதைச் சுற்றி வரும் வேலியின் நீளம் அவ்வளவு கூடாது. பதினாறு மாட்டுக்குப் போதுமான பட்டியை அறுபத்து நாலு மாட்டுக்கு விரித்தால், இடம் நாலு மடங்கு, வேலி இரண்டு மடங்குதான். ஆகையால் வேலியை முழுவதும் தலைப்படி பிரித்தால் மாடு கூடிய வீட்டுக்கு அநியாயம். வீட்டுப்படி சமமாகப் பிரித்தால் மாடு குறைந்த வீட்டுக்கு அநியாயம். பாதியை வீட்டுக்கும் பாதியைத் தலைக்கும் வைப்பதே நான் கண்டவற்றுள் குறைவான மனக்கசப்பைத் தந்த வழி.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் விளக்கத்துக்கானவை மட்டுமே. ஐந்து வீடு, அறுபது தலை: 24, 16, 10, 6, 4. வேலி திருத்த 30,000 ரூபா செலவானது. சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 6,000 ரூபா. அதாவது நாலு மாடுள்ள வீடு மாட்டுக்கு 1,500 ரூபாவும், இருபத்து நாலு மாடுள்ள வீடு மாட்டுக்கு 250 ரூபாவும் கொடுக்கும். தலைப்படி பிரித்தால் பெரிய வீட்டுக்கு 12,000 ரூபாவும் சிறிய வீட்டுக்கு 2,000 ரூபாவும் வரும். பாதி பாதியாகப் பிரிக்கும்போது வீட்டுக்கு 3,000 ரூபா, அதன்மேல் தலைக்கு 250 ரூபா. ஆகவே வரிசைப்படி 9,000, 7,000, 5,500, 4,500, 4,000 ரூபா வருகிறது. கூட்டிப் பார்த்தால் 30,000 ரூபா சரியாக நிற்கும். இந்தக் கணக்கை வாயால் சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள். எல்லாரும் இருக்கும்போது கொப்பியில் மூன்று நிரலாக எழுதிக் காட்டுங்கள். அதிகம் கொடுக்கப்போகும் வீட்டாரே தங்கள் கையால் கூட்டிப் பார்க்கட்டும்.

வேலையையும் எண்ணுங்கள்

பணத்தை எழுதும் பட்டிகளிலும் வேலையை எழுதுவதில்லை. இதுதான் பெரிய குறை. விடிய எழும்பிச் சாணம் வழிப்பது, பின்னேரம் கன்றுகளைப் பிரித்துக் கன்றுக்கூட்டில் அடைப்பது, ஈயும் நுளம்பும் அண்டாமல் பச்சைக் குழையும் காய்ந்த சாணமும் போட்டுப் புகைமூட்டம் வைப்பது, இரவில் நரிக்கும் சிறுத்தைக்கும் களவுக்கும் காவல் இருப்பது, காணாமற்போன மாட்டைக் காடு முழுக்கத் தேடுவது, தடுப்பூசி நாளில் மாடு பிடிப்பது என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத வேலைகளும் உண்டு: கணக்கு எழுதுவது, கூட்டத்துக்குப் போவது, தொட்டியில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று நினைவாகப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத வேலைகளில் பெரும்பகுதியைப் பெண்கள் செய்கிறார்கள். அது எழுதப்படாததால் செய்யப்படாததாகவே எண்ணப்படுகிறது.

பால் கறப்பதை இதில் சேர்க்க வேண்டியதில்லை. அவரவர் பசுவை அவரவர் கறந்து, அவரவர் பாலைப் பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுப்பதே தொல்லையில்லாத முறை.

மற்ற வேலைகளுக்கு மதிப்பெண் வைக்கலாம். காலை வேலைக்கு ஒன்று, பின்னேர வேலைக்கு ஒன்று, இரவுக் காவலுக்கு இரண்டு என்று வைத்தால் முப்பது நாள் மாதமொன்றுக்கு மொத்தம் 120 வருகிறது. மேய்ப்பவர் இரவில் தங்காத பட்டி என்று கொள்வோம். இரவுக் காவலின் 60 மதிப்பெண்ணைத் தலைக்கு ஒன்றாகப் பிரியுங்கள். காலை, பின்னேர வேலைகளின் 60 மதிப்பெண்ணில் பாதியை வீட்டுக்கு ஆறாகவும் பாதியைத் தலைக்கு அரையாகவும் பிரியுங்கள். மேலே சொன்ன ஐந்து வீட்டுக்கும் முறையே 42, 30, 21, 15, 12 என்று வரும்.

இந்த முறையின் நன்மை எதில் இருக்கிறதென்றால், எந்த வேலையைச் செய்து அந்த மதிப்பெண்ணை நிரப்புவது என்பதை வீட்டார் தெரிந்தெடுக்கலாம். போரில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு நாலு மாட்டை வைத்துச் சீவிக்கும் ஒரு பெண்ணால் இரவுக் காவலுக்கு வர முடியாது. பன்னிரண்டு நாட் காலை வேலையால் அவருடைய பங்கு முழுமையாக நிறைவடைகிறது. காலொன்றை இழந்தவர் காட்டுக்குள் மாடு தேடப் போக முடியாது. ஆனால் கொட்டிலில் இருந்து காவல் காக்கவும் கணக்கு எழுதவும் அவரால் முடியும். கணக்கு எழுதுபவருக்கு மாதம் நாலு மதிப்பெண்ணாவது கொடுங்கள்; அதற்கேற்ப மற்றவர்களுடையதைச் சற்றே கூட்டிக்கொள்ளலாம். இப்படிச் செய்யும்போது எவரும் எவருக்கும் தயவு காட்டுவதில்லை, எவரும் தலைகுனிந்து நிற்பதும் இல்லை. எங்கள் மண்ணில் இத்தனை வீடுகள் இப்படி இருக்கும்போது, ஆண்பிள்ளை இல்லாத வீட்டார் பட்டிக்கு உதவமாட்டார்கள் என்று ஒதுக்குவதை நான் பொறுக்கமாட்டேன்.

மழைகாலத்து இரவுக்கும் கோடைகாலத்து இரவுக்கும் ஒரே மதிப்பெண் கொடுப்பது சரியா என்று கேட்பார்கள். சரியில்லைத்தான். ஐப்பசி தொடக்கம் தை வரை, சுற்றுவட்டத்தில் நெல் நிற்கும் காலத்தில், ஒரு மாடு வேலியைத் தாண்டினாலும் பெரும் நட்டம் வரும். மழையும் கொட்டும், யானையும் நடமாடும். அந்த நாலு மாதத்துக்கு இரவுக் காவலை மூன்றாக வையுங்கள். மொத்தம் 150 ஆகும். கூடிய 30 மதிப்பெண்ணையும் தலைப்படியே பிரியுங்கள்.

வவுனியாவிலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு இங்கே மாடு வைத்திருப்பவர்கள் வேலைக்குப் பதிலாகப் பணம் தருவதாகச் சொல்வார்கள். தரலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்கு எத்தனை ரூபா என்பதை ஊரில் இருந்து அந்த வேலையைச் செய்பவர்கள் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பணம் பொதுப்பணத்துக்குப் போகாமல், அவருடைய முறையை ஏற்றுச் செய்தவரின் கையில் நேரே சேர வேண்டும். பொதுப்பணத்தில் போட்டால் தூங்காத இரவின் கூலி முட்கம்பியாகிவிடும். காவல் இருந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

மேய்ப்பவர்

மேய்ப்பவரை எல்லாரும் வேலை ஏவுகிறார்கள், அவருக்குப் பொறுப்பானவர் என்று எவரும் இல்லை என்ற நிலை கூடாது. மாதத்துக்கு ஒரு வீடு அவருடைய சம்பளத்தைத் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்கட்டும்; அந்த மாதம் அவர் எதைச் சொல்வதானாலும் அந்த வீட்டாரிடம் சொல்லலாம். கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, அன்றைய மேய்ச்சலை மதிப்பெண் மூன்றாகக் கொண்டு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் செய்யுங்கள். அந்த மதிப்பெண்ணையும் தலைப்படி பிரியுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கன்றாகக் கொடுக்கும் பழக்கமுள்ள இடங்களில், எந்தப் பசுவின் எந்த ஈற்றுக் கன்று என்பதை அது பிறக்குமுன் எழுதி வையுங்கள். கன்று பிறந்து நாகு என்று தெரிந்த பிறகு அடுத்த ஈற்றைத் தருகிறேன் என்று சொல்லும் மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். மாடு காணாமற்போனால் மூன்று நாள் எல்லா வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் தேடிய பின்பே மேய்ப்பவரிடம் விளக்கம் கேட்கலாம். சம்பளத்தில் பிடிப்பது என்பது அவர் கண்முன் அலட்சியம் செய்தார் என்று பட்டியின் எல்லா வீட்டாரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே.

வயலுக்குள் மாடு பாய்ந்தால்

பட்டிகள் உடைவதற்கு எருவுக்கு அடுத்த காரணம் இது. வயற்காரர் நட்டஈடு கேட்டு வருவார். அவருக்கு எந்த மாடு என்பதைவிட எந்தப் பட்டி என்பதே முக்கியம். முதலில் பட்டியாகப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்து அவரைச் சமாதானமாக அனுப்புங்கள். உள்ளுக்குள் யார் பொறுப்பு என்பதைப் பிறகு பேசலாம். அயல் வயற்காரரோடு பகை வந்தால் பங்குனியில் அறுவடை முடிந்த வயலில் தாள் மேய விடமாட்டார், அது எல்லா மாட்டுக்கும் இழப்பு.

உள்ளே பேசும்போது வேலியைப் போய்ப் பாருங்கள். எல்லாரும் சேர்ந்து, பேசாமல், ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கட்டை உக்கிக் கம்பி தளர்ந்திருந்தால் அது பொதுக் குறை. செலவு வேலிச் செலவைப் போலப் பாதி பாதியாகப் பிரியும். படலைத் தடி போடப்படாமல் இருந்திருந்தால் அன்றைய முறைக்காரரின் பொறுப்பு. என்றாலும் முதற்தடவை பாதியை மட்டும் அவரிடம் வாங்குவது நல்லது, ஏனென்றால் முறைக்கு வருபவர் பயந்துகொண்டு வரக்கூடாது. வேலி நன்றாக இருந்தும் ஒரு மாடு பாய்ந்தது என்றால் அது பாய்ச்சல் பழகிய மாடு. அதற்குக் கழுத்தில் கட்டை கட்டும்படி உடையவரிடம் ஒருமுறை சொல்லிக் கொப்பியில் திகதியோடு எழுத வேண்டும். எழுதிய திகதிக்குப் பிறகு அந்த மாடு செய்யும் நட்டம் முழுவதும் உடையவருடையது. எழுதாமல் வாயால் சொன்னது கணக்கில் வராது என்று முன்பே தீர்மானித்துவிட்டால், சொன்னேன், சொல்லவில்லை என்ற வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

தடுப்பூசி விடயத்தில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது. கால்வாய் நோயும் தொண்டையடைப்பானும் ஒரு வீட்டு மாட்டோடு நிற்பவை அல்ல. மிருக வைத்தியர் குறித்த நாளில் மாட்டைப் பிடித்துக் கொடுக்காத வீட்டார், அது முடியும்வரை தங்கள் மாட்டை வேறிடத்தில் கட்ட வேண்டும். புதிதாக வாங்கிவரும் மாட்டையும் இரண்டு மூன்று கிழமை தனியே கட்டிப் பார்த்த பிறகே பட்டிக்குள் விட வேண்டும். எவ்வளவு நெருங்கிய உறவானாலும் இதில் சலுகை கேட்க வேண்டாம்.

எருப்பணமும் நிலுவையும்

எருவைப் பற்றி நான் இன்று சொல்வது இது. விற்ற பணத்தில் முதலில் அந்த ஆண்டு மழைக்கு முன் வேலி திருத்தவும் தறப்பாள் வாங்கவும் வேண்டிய தொகையைப் பொதுப்பணத்துக்கு எடுத்து வையுங்கள்; விற்பனையும் அந்தச் செலவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவதால் எவரும் தங்கள் கையிலிருந்து எடுக்க வேண்டியிராது. மீதியில் பாதியைத் தலைப்படியும் பாதியைச் சாணம் வழித்த காலைகளின் எண்ணிக்கைப்படியும் பிரியுங்கள். காலைகள் கொப்பியில் இருப்பதால் அதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அன்றைக்கு எங்களிடம் அப்படி ஒரு கொப்பி இருந்திருந்தால் அம்மாவின் கூடை கவிழ்ந்திருக்காது.

தண்டல் எடுக்கும் நாளை வீட்டுக்கு வீடு மாற்றலாம். பால் கொடுக்கும் வீட்டாருக்கு மாதாமாதம் பணம் வரும். பால் வற்றிய பசுக்களோடு வயலை நம்பியிருக்கும் வீட்டாருக்கு அறுவடைக்குப் பிறகே கையில் பணம் புழங்கும். அவர்கள் பங்குனியில் மொத்தமாகத் தரட்டும். நிலுவை இருக்கிறது என்பதற்காக அந்த வீட்டுப் பசுவைக் கறப்பதும், கன்றைப் பிடித்து வைப்பதும், கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்பதும் எந்தக் காலத்திலும் கூடாது. கணக்கு எழுதுபவர் தனியே வீட்டுக்குப் போய், எப்போது தர முடியும் என்று கேட்டு, அந்தத் திகதியை எழுதி வரட்டும். தர முடியாதவர் வேலையாகத் தருகிறேன் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்கு ரூபா ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

தீராத பிணக்கு வந்தால் பட்டியில் மாடு இல்லாத ஒருவரிடம் போங்கள். அதிக மாடு வைத்திருப்பவரைத் தலைவராக்கி அவரையே நீதிபதியாகவும் ஆக்குவது எங்கள் பழக்கம். அவர் நல்லவராக இருந்தாலும் அது அவருக்கும் நல்லதல்ல.

ஏற்கெனவே கணக்கில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பட்டியில் இதைத் தொடங்குபவர்கள் பழைய பாக்கியைக் கிளற வேண்டாம். அடுத்த எண்ணிக்கை நாளை எல்லைக்கோடாக வைத்து, அதற்கு முன்னையது முடிந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டியட்டைக் கொப்பி) வாங்கி, முதற்பக்கத்தில் வீடுகளையும் தலைகளையும், இரண்டாம் பக்கத்தில் எது தலைச்செலவு, எது வீட்டுச்செலவு, எது பாதி என்பதையும், மூன்றாம் பக்கத்தில் வேலைகளையும் மதிப்பெண்களையும் எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எல்லா வீட்டாரும் ஒப்பமிடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு அவருடைய பிள்ளை வாசித்துக் காட்டிய பிறகே ஒப்பம் வாங்குங்கள். கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, படலைக்குப் பக்கத்துக் கட்டையில், காலை முறைக்கு வருபவரின் கைக்கெட்டும் உயரத்தில் தொங்க விடுங்கள்; பேனாவை நூலில் கட்டிவிடுங்கள்.